‘கிரவுண்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘கிரவுண்’ (crown) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் அரசர் தலையில் அணியும் முடி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். பிறகு வன்னியில் அந்தச் சொல் கண்ணில் படுகிற இடங்களோ வேறு: பழைய காணி உறுதி, குளப் புனரமைப்பு வரைபடம், கிளினிக் ஸ்கான் அறிக்கை, உழவு இயந்திரத்தின் பாகப் பட்டியல், நோர்வேயிலிருந்து வந்த கடிதம். இவற்றில் எதிலும் முடியும் இல்லை, கிரீடமும் இல்லை. அகராதியின் முதற்பொருளை எடுத்து எழுதினால் தாள் பிழையாகிவிடும். பிழையான தாளைக் கொண்டு அலைகிறவர் அதைக் கொடுத்த கமக்காரரோ தாயோதான்.

கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். முதல் நான்கு படிகளையும் தாண்டி நேரே பொருள் தேடப் போகிறவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முழுத்தாள் வேண்டும். கைபேசியில் பிடித்த ஒற்றை வரிப் படத்தை வைத்து இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லாதீர்கள். பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தாளின் தலைப்பும், ஆண்டும், கையெழுத்திட்ட அலுவலகமும்தான். அவை மூன்றும் அந்தப் படத்தில் இருப்பதில்லை.

ஒரு பென்சில் எடுத்துத் தாளில் அந்தச் சொல் வருகிற எல்லா இடங்களையும் வட்டமிட்டு எண் போடுங்கள். ஒரே தாளில் இரண்டு பொருளில் வருவதுண்டு. எண் போட்டிருந்தால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பீர்கள்.

தாளைக் கொண்டுவந்தவரிடம் ‘இது எதற்காகத் தந்தவை?’ என்று கேளுங்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்கும்.

2. அது ‘கிரவுண்’தானா என்று உறுதிசெய்யுங்கள்

எழுத்தில் பார்க்கும்போது சிக்கல் இல்லை. வாய்மொழியாகக் கேட்டதையோ தமிழெழுத்தில் யாரோ குறித்துத் தந்ததையோ வைத்து வேலைசெய்யும்போதுதான் வரும். தமிழில் ‘க’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் ‘கிரவுண்’ என்று எழுதியது முடியாகவும் இருக்கலாம், விளையாட்டு மைதானமாகிய ‘கிரவுண்ட்’ ஆகவும் இருக்கலாம். பேச்சில் கடைசி ‘ட்’ விழுந்துவிடும்.

‘கிரவுண் லெவல்’ என்று ஒருவர் சொன்னால் தரைமட்டத்தையும் சொல்லியிருக்கலாம், குளக்கட்டின் மேல்மட்டத்தையும் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் இடையே பல மீற்றர் வித்தியாசம். மூலத்தாளில் எழுத்தைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

3. தாளின் ஊரையும் ஆண்டையும் குறியுங்கள்

இலங்கைத் தாளானால் 1972 மே 22 ஒரு கோடு. அன்றுதான் நாடு குடியரசானது. அதற்கு முந்திய தாள்களில் முடி என்பது அரசைக் குறிக்கும். அதற்குப் பிந்திய இலங்கைத் தாள்களில் அந்த இடத்தில் ‘ஸ்டேட்’ என்ற சொல்லே வரும். 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டமே இன்று அரச காணிகள் கட்டளைச்சட்டம். சட்டம் அதே, பெயரில் சொல் மாறியிருக்கிறது.

இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்துத் தாள்களில் இன்றைக்கும் முடி என்றால் அரசுதான். அங்கே இன்னும் முடியாட்சி. ஆகவே ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது, நாட்டையும் பாருங்கள்.

4. பெரிய எழுத்தையும் பக்கத்துச் சொல்லையும் பாருங்கள்

வசனத்தின் நடுவில் பெரிய எழுத்தில் தொடங்கி, முன்னால் ‘தி’ நின்றால் அது அரசு. சிறிய எழுத்தில் வந்தால் அநேகமாக ஒரு பொருளின் மேற்பகுதி. இது நல்ல விதி. ஆனால் பழைய தட்டச்சுத் தாள்களில் முழுவரியும் பெரிய எழுத்தில் இருக்கும். அங்கே இந்த விதி உதவாது. தலைப்புகளிலும் அப்படியே.

அப்போது பக்கத்துச் சொல்தான் துணை. அது முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்பதும் முக்கியம். ‘கிரவுண் பொரஸ்ட்’ என்றால் அரசுக்குரிய காடு. ‘பொரஸ்ட் கிரவுண்’ என்றால் காட்டு மரங்களின் கிளைவிரிவு. சொற்கள் இரண்டும் அவையே, இடம் மட்டும் மாறுகிறது. ஆனால் ‘கிரவுண் கவர்’ என்பதில் கிரவுண் முன்னே நின்றாலும் அது அரசு அல்ல. தரையில் எவ்வளவு பங்கு மரநிழலுக்குள் வருகிறது என்ற கணக்கு. எனவே அடுத்த சொல் சொத்தா (காணி, காடு, ஒதுக்கு), அளவா (அகலம், உயரம், பரப்பு) என்று பாருங்கள். சொத்தானால் அரசு. அளவானால் மேற்பகுதி.

5. காணித் தாள்கள்

வன்னியில் இந்தச் சொல்லால் அதிகம் கெடுவது இங்கேதான். ஆகவே மெதுவாகச் செய்யுங்கள்.

‘கிரவுண் லாண்ட்’ என்பதற்குப் பழைய தமிழ்த் தாள்களில் ‘முடிக்குரிய காணி’ என்று எழுதினார்கள். இன்று ‘அரச காணி’. எதை எழுதுவது? தாளின் மொழிபெயர்ப்பாக இருந்தால் ‘முடிக்குரிய காணி’ என்றே எழுதுங்கள். வாசிப்பவருக்கு விளங்கவேண்டும் என்றால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தற்போதைய வழக்கில் அரச காணி’ என்று சேருங்கள். சொல்லை நீங்களாகவே புதுப்பித்தால் தாள் எந்தக் காலத்தது என்ற தடயம் அழிந்துபோகும். காணிப் பிணக்கில் அந்தத் தடயம்தான் பேசும்.

எல்லை விபரத்தில் ‘வடக்கே முடிக்குரிய காணி’ என்று வந்தால், உறுதி எழுதிய நாளில் வடக்கே இருந்தது அரசின் காணி என்பதே பொருள். இன்றும் அப்படி என்று அது சொல்லவில்லை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அந்தக் காணி பின்னர் ஒருவருக்கு அனுமதிப்பத்திரத்தில் போயிருக்கலாம், அளிப்பும் கிடைத்திருக்கலாம். புதியவர்கள் ‘வடக்கே அரச காணி உள்ளது’ என்று நிகழ்காலத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வினைச்சொல் பக்கத்துக் காணிக்காரரோடு வழக்கை உண்டாக்கும். மூலத்தில் வினை இல்லாவிட்டால் தமிழிலும் வினை வேண்டாம்.

‘கிரவுண் கிராண்ட்’ அரசு கொடுத்த அளிப்பு. ‘பரிசு’ என்றோ ‘நன்கொடை’ என்றோ எழுதக்கூடாது. நன்கொடை உறுதி தனியொருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது, அதன் சட்டமுறை வேறு. அனுமதிப்பத்திரம், அளிப்பு, உறுதி என்ற மூன்றையும் ‘பத்திரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தர் முதலில் கேட்பதே ‘உங்களிடம் இருப்பது எது?’ என்றுதான்.

‘கிரவுண் ரிசர்வேஷன்’ குளத்துக்கோ ஆற்றுக்கோ வீதிக்கோ விட்ட ஒதுக்கு. ‘முன்பதிவு’ என்று கைபேசி மொழிபெயர்ப்பு காட்டும், நம்பவேண்டாம்.

நீதிமன்றிலோ திணைக்களத்திலோ கொடுக்கவேண்டிய தாளை நீங்கள் எழுதிக் கொடுப்பதோடு விடாதீர்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகவேண்டும். உங்கள் குறிப்பு அவருக்கு உதவியாக இருக்கட்டும்.

6. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்கள்

இரண்டு வகை வரும்: வழக்கு, காசு.

இங்கிலாந்து வழக்குத் தாளில் ‘தி கிரவுண்’ என்றால் வழக்குத் தொடரும் அரச தரப்பு. ‘கிரவுண் கோர்ட்’ இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம். இதை ‘மகுட நீதிமன்றம்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ‘அரச நீதிமன்றம்’ என்றால் மற்ற நீதிமன்றங்கள் அரசுடையவை அல்ல என்று தோன்றும். ‘கிரவுண் நீதிமன்றம்’ என்று பெயராகவே விட்டு, முதன்முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுங்கள். கனடாவில் ‘கிரவுண் அற்றோர்னி’ அரச தரப்பு வழக்குத்தொடுநர். அவர் நம் ஆளின் சட்டத்தரணி அல்ல. பெயரைப் பார்த்து ‘அரசு தந்த சட்டத்தரணி’ என்று குடும்பத்தார் நினைத்துவிடுகிறார்கள். அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

காசில் வந்தால், நோர்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து, செக் நாடுகளின் நாணயப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் பொருள் முடிதான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் சிலவேளை ‘5,000 கிரவுண்ஸ்’ என்று எழுதிவிடுவார். அதை எந்த நாட்டுக் குரோணர் என்று கேட்காமல் எழுதாதீர்கள். பெறுமதி நாட்டுக்கு நாடு வேறு. வங்கித் தாளில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும்: என்.ஓ.கே. நோர்வே, எஸ்.ஈ.கே. சுவீடன், டி.கே.கே. டென்மார்க். அதைப் பார்த்தே நாட்டுப் பெயரைச் சேருங்கள்.

7. மரமும் பயிரும்

தமிழ் இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிட வசதியானது. ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது; நமக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ‘மரத்தின் கிரீடம்’ என்று எழுதுவது பெரிய இழப்பு.

பனை, தென்னையானால் வட்டு. ‘தென்னையின் வட்டைத் துப்பரவாக்கவும்’ என்றால் ஏறுகிறவருக்கு உடனே விளங்கும். குருத்து வேறு: அது வட்டின் நடுவே வரும் இளம் ஓலை. அன்னாசிக்குக் கொண்டை. பாலை, முதிரை, மருது போன்ற கிளைவிடும் மரத்துக்குக் கிளைவிரிவு என்று சொல்லலாம். அதன் விட்டத்தை அளக்கச் சொன்னால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் ஓரக்கிளையிலிருந்து எதிர் ஓரக்கிளை வரை தரையில் அளந்து, இரண்டின் சராசரியை எழுதவேண்டும். அடிமரத்தின் சுற்றளவை அளந்து எழுதிவிடுவது வழக்கமான பிழை.

இப்போது நோய். ‘கிரவுண் ரொட்’ என்ற பெயர் துண்டுப்பிரசுரங்களில் வரும். ‘முடி அழுகல்’ என்று எழுதினால் கமக்காரர் பயிரின் நுனியைப் பார்ப்பார். கச்சானில் அது நுனியில் வருவதில்லை. மண்மட்டத்தில், தண்டும் வேரும் சேரும் கழுத்தில் வரும் பூஞ்சண அழுகல் அது; ‘கழுத்தழுகல்’ என்று எழுதுங்கள். வாழையில் அதே ஆங்கிலப் பெயர் வெட்டிய சீப்பில், காம்புகள் ஒன்றுசேரும் அடிப்பாகத்தில், அறுவடைக்குப் பின் வரும் அழுகல். ஒரே பெயர், கச்சானில் வயலில், வாழையில் பெட்டிக்குள். மருந்தும் நேரமும் முற்றிலும் வேறு. பயிரின் பெயரைப் பார்த்த பிறகே நோயின் பெயரை எழுதவேண்டும் என்பதன் காரணம் இதுதான். சந்தேகமானால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் ஆங்கிலப் பெயரையும் பயிரையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

‘கிரவுண் ரூட்’ சோளத்திலும் நெல்லிலும் அடிக்கணுக்களிலிருந்து வரும் வேர். ‘அடிக்கணு வேர்’ போதும். ‘கிரவுண் பிளவர்’ என்றால் வேலியோரத்து எருக்கு. ‘மகுட மலர்’ என்று புதுப்பெயர் சூட்டத் தேவையில்லை.

8. குளக்கட்டும் வீதியும்

குள வரைபடத்தில் இந்தச் சொல் கட்டின் மேல்மட்டத்தைக் குறிக்கும்: நாம் சைக்கிளில் போகிற அந்தத் தளம். ‘கிரவுண் அகலம்’ என்றால் கட்டின் மேல் அகலம்.

இதை வான் மட்டத்தோடு, அதாவது நிறைந்த குளத்தின் மேலதிகத் தண்ணீர் வழிந்தோடும் இடத்தின் மட்டத்தோடு, குழப்பாதீர்கள். இரணைமடுவானாலும் ஊர்ச் சிறுகுளமானாலும் கட்டு எப்போதும் வானைவிட உயரம். குளம் நிறைந்து வான் பாயும்போதும், அலை அடிக்கும்போதும் தண்ணீர் கட்டுக்கு மேலால் போகாமல் காப்பது அந்த உயர வித்தியாசம்தான். மண்கட்டின் மேலால் தண்ணீர் போனால் கட்டு அரித்து உடையும். மொழிபெயர்ப்பில் இரண்டு மட்டங்களுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஆட்கள் வேறு வேறு இலக்கங்களைப் பற்றிக் கதைப்பார்கள். ‘கட்டின் மேல்மட்டம்’, ‘வான் மட்டம்’ என்று தனித்தனியே எழுதுங்கள். மதகுக் குழாயின் கிரவுண் என்று வந்தால் அது குழாயின் மேல்வளைவு.

வீதியில் அது நடுமேடு. கிரவல் வீதியின் நடுப்பகுதி இரு ஓரங்களையும்விட உயர்ந்திருந்தால்தான் மாரித் தண்ணீர் வழிந்தோடும். இல்லாவிட்டால் தேங்கிக் குழி விழும். ‘4 சதவீத கிரவுண்’ என்பதன் பொருள், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் ஒவ்வொரு மீற்றருக்கும் 4 சென்ரிமீற்றர் இறக்கம். நடுவிலிருந்து ஓரம் 2 மீற்றர் என்றால் நடு 8 சென்ரிமீற்றர் உயரம். இலக்கத்தை இப்படி விரித்து எழுதிக் கொடுத்தால் வேலை பார்க்கிற கிராமத்தவர் நூல் பிடித்துத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

9. உடம்பு

பல்லில் இரண்டு பொருள். ஒன்று, முரசுக்கு மேலே தெரியும் பல்லின் பகுதி. ‘பல்லின் மேற்பகுதி’ என்று எழுதலாம். மற்றது, பழுதுபட்ட பல்லின்மேல் பொருத்தும் செயற்கை உறை. ‘உடைந்த’ என்ற சொல் பக்கத்தில் இருந்தால் எது உடைந்தது என்று கவனியுங்கள்: சொந்தப் பல்லா, போட்ட உறையா? சிகிச்சையும் செலவும் அதைப் பொறுத்தவை.

ஸ்கான் அறிக்கையில் சி.ஆர்.எல். என்று வருவதில் ‘சி’ இந்தச் சொல்தான். கருவின் உச்சியிலிருந்து பிட்டம் வரையான நீளம், மில்லிமீற்றரில். கால்கள் சேராது. ஆகவே ‘குழந்தையின் உயரம்’ என்று தாயிடம் சொல்லாதீர்கள். முதல் மூன்று மாத காலத்தில், 84 மில்லிமீற்றர் வரை, இந்த அளவை வைத்தே கர்ப்ப வாரத்தைக் கணிக்கிறார்கள். ‘உச்சி–பிட்ட நீளம்’ என்று எழுதி இலக்கத்தை மாற்றாமல் விடுங்கள். இலக்கம் நல்லதா கெட்டதா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

பிரசவக் குறிப்பில் இதே சொல் வினையாக வந்தால், பிள்ளையின் தலை வெளியே தெரிந்து, வலி தணிந்தபோதும் உள்ளே திரும்பிப் போகாமல் நிற்கும் நிலை. ‘தலை தெரிந்து நிற்கிறது’ என்றால் போதும்.

10. கராஜ், கடை, அச்சகம்

உழவு இயந்திரத்தின் ‘கிரவுண் வீல்’ பின்னச்சில் பினியன் என்ற சிறிய பல்லுச் சில்லோடு சேர்ந்து சுழலும் பெரிய பல்லுச் சில்லு. இதை மொழிபெயர்க்கவேண்டாம். கராஜிலும் உதிரிப்பாகக் கடையிலும் ‘கிரவுண் வீல், பினியன்’ என்றால்தான் பாகம் வரும். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய சோடி; பட்டியலில் ஒற்றை எண்ணின்கீழ் இருந்தால் பிரித்து எழுதாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் போட்டுப் பல் தின்னும். பிஸ்டனின் கிரவுண் என்றால் அதன் மேற்தலை.

கைமணிக்கூட்டில் நேரம் திருத்தும் குமிழ். போத்தலில் ஓரம் பல்லுப்பல்லாக மடிந்த சோடா மூடி. அச்சகத்தில் தாள் அளவு: முழுத்தாள் 15க்கு 20 அங்குலம், அதை எட்டாக மடித்தால் 5க்கு 7½ அங்குலப் புத்தகம். அச்சகத்தார் ‘கிரவுண் சைஸ்’ என்றே சொல்வார்கள், அப்படியே எழுதுங்கள்.

11. வினையாகவும் மரபுத்தொடராகவும் வரும்போது

‘முயற்சிக்கு வெற்றி முடிசூட்டியது’ என்று எழுதுவதைவிட ‘முயற்சி பலித்தது’ நல்ல தமிழ். ‘கிரவுணிங் அச்சீவ்மென்ற்’ தலையாய சாதனை. ‘ரு கிரவுண் இற் ஓல்’ என்பது பெரும்பாலும் துன்பத்தின்மேல் துன்பம் வரும்போது சொல்வது. அதற்குப் ‘போதாக்குறைக்கு’ என்று அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. இதை ‘எல்லாவற்றுக்கும் மகுடமாக’ என்று எழுதி ஒரு முறைப்பாட்டையே பாராட்டாக்கியவர்கள் உண்டு. முன்வரிகள் நல்லதைச் சொல்கின்றனவா, கெட்டதைச் சொல்கின்றனவா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

12. உண்மையிலேயே தலையில் அணிவதானால்

முடி, கிரீடம், மகுடம் மூன்றும் சரி. ஆனால் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடமுடியாது. சடங்கானால் ‘முடிசூட்டு’. மடு மாதாவுக்கு 1924 இல் நடந்ததும் முடிசூட்டுதான். இயேசுவின் தலையில் வைத்தது முள்முடி. நாடக மேடையிலும் அழகுப் போட்டியிலும் கிரீடம். உவமையாக உயர்த்திச் சொல்லும்போது மகுடம்.

‘முடி’ தனியே நின்றால் தலைமயிர் என்றும், முடித்துவிடு என்றும் வாசிக்க இடமுண்டு. ஆகவே தனியே விடாமல் ‘அரச முடி’, ‘முடிசூடிய’ என்று துணைச்சொல்லோடு எழுதுங்கள்.

13. திருப்பிச் சரிபார்த்தல்

எழுதி முடிந்ததும் ஆங்கிலத் தாளை மூடிவிட்டுத் தமிழை மட்டும் அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். குளத் தாளைக் கமக்காரருக்கு, பாகப் பட்டியலை மெக்கானிக்குக்கு. அவர் ‘எது?’ என்று நிறுத்திக் கேட்கும் இடத்தில் சொல் சரியில்லை. அவர் தாமே ஒரு சொல் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அநேகமாக அதுதான் சரியான சொல்.

பிறகு முதலில் போட்ட வட்டங்களை எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே தமிழில் என்ன எழுதினீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். காணித் தாளில் எண்ணிக்கை குறைந்தால் முதலில் எல்லை விபரத்தில் தேடுங்கள்: நான்கு திசைகளில் இரண்டுக்கு ஒரே சொல் வந்திருக்கும், ஒன்றை எழுதிவிட்டு மற்றதைத் தாண்டியிருப்பீர்கள்.